கடைசிப் பந்தியில் இல்லாத ராத்தா

அமைச்சர்மார் மேசையைச் சுற்றியிருந்து ஒரு விடயத்துக்கு ஓம் என்று சொல்வதற்கு முன்னால், அந்த விடயத்தை யாராவது நாலைந்து பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினாறு வருடமாக அந்த யாராவது நான்தான். கொழும்பில் ஓர் அமைச்சின் மூன்றாம் மாடியில் என் கதிரை இருக்கிறது. வீடு பாலாவியில். கிழமை நாட்களில் கொழும்பில் ஓர் அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் புத்தளம் பஸ்ஸில் ஏறி, லொறிச் சத்தமும் சீமெந்துத் தூசியுமாக இருக்கும் எங்கள் சந்தியில் இறங்கினால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும்.

என் மாமியாருக்கு இந்த வேலை இன்றுவரை பிடிபடவில்லை. "நீ எழுதினா, அப்ப மந்திரிமார் என்ன செய்யிற?" என்று கேட்பார். "கையெழுத்து வெப்பாங்க மாமி" என்பேன். "அதுக்கா இவ்வளவு வாகனம்?" என்பார். நான் அரச உத்தியோகத்தர். அதற்கு மேல் வாய் திறப்பதில்லை.

அமைச்சரவைப் பத்திரத்துக்கு ஓர் அமைப்பு உண்டு. முதலில் பின்னணி. பிறகு இது ஏன் தேவை என்ற நியாயம். கடைசியில் ஒரு பந்தி: மேற்கூறியவற்றைக் கருத்திற்கொண்டு, பின்வருவனவற்றுக்கு அமைச்சரவையின் அங்கீகாரம் கோரப்படுகின்றது. அங்கீகாரம் கிடைப்பது அந்தக் கடைசிப் பந்திக்கு மட்டும்தான். மேலே நாலு பக்கத்துக்கு எவ்வளவு உருகி எழுதினாலும், கடைசிப் பந்தியில் கேட்காததை எவரும் தரமாட்டார்கள். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் கொஞ்சம் மண்டைக்கனத்தோடு.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் உண்டு. எந்தப் பத்திரத்தையும் நாங்கள் வெறும் பக்கத்தில் தொடங்குவதில்லை. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற பழைய பத்திரம் ஒன்றைக் கணினியில் திறந்து, வேறு பெயரில் சேமித்து, அதன் மேலேயே புதியதை எழுதுவோம். அமைச்சரவை ஒருமுறை ஏற்றுக்கொண்ட சொற்களை மறுமுறையும் ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான். சட்டப் பிரிவில் இருப்பவர்களும் பழகிய வசனத்தைக் கண்டால் பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் என் மேசைக்குக் கடதாசிகள் கோர்த்த ஒரு கோவை வந்தது. கற்பிட்டிப் பக்கம், கடல் உள்ளே புகுந்து கிடக்கும் களப்பின் கரையில் மீன் காயப்போடும் இடங்களைப் பற்றியது. காணி அரசாங்கத்தினுடையது. ஆனால் எத்தனையோ காலமாகச் சனம் கருவாடு போட்டுவரும் மணல். சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்க வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கியதும், அந்தக் கரைக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. விடுதி கட்ட ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அதற்கு முன்னால் மீன் காயப்போடுகிறவர்களுக்கு அவரவர் இடத்துக்கு நீண்டகால அனுமதிப்பத்திரம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் அமைச்சின் யோசனை.

அந்தக் கரையில்தான் என் ராத்தாவும் இருக்கிறார், எத்தாளையில். எனக்கு நாலு வயது மூத்தவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியதில் நாங்கள் மன்னாரை விட்டு வந்தபோது எனக்கு ஐந்து வயது, அவருக்கு ஒன்பது. நான் படித்தேன், அவர் கலியாணம் முடித்து எத்தாளைக்குப் போனார். மச்சான் கடலுக்குப் போகிறவர். ஒரு நாள் நெஞ்சு நோகிறது என்று படுத்தவர் எழும்பாமலே மௌத்தாகிவிட்டார். வள்ளம் அவருடைய தம்பிக்குப் போனது. ராத்தா மற்ற வள்ளங்களில் வரும் மீனை எடுத்து, வெட்டி, உப்புப் போட்டு, களப்புக் கரையில் தட்டுகளில் காயவைத்து, கருவாடாக்கிப் புத்தளத்துக்கு அனுப்பத் தொடங்கினார். இரண்டு பெண்பிள்ளைகள். வீட்டு வளவு கைக்கடக்கமானது. அந்தக் கரை போனால் தொழில் போகும், தொழில் போனால் பிள்ளைகளின் படிப்பு போகும். இது எனக்குக் கோவையைத் திறக்காமலே தெரியும்.

எங்கள் மேலதிகச் செயலாளர் ஒரு சிங்களப் பெண்மணி. எல்லாரும் மெடம் என்போம். கோவை வந்த அன்றே அவருடைய அறைக்குப் போனேன். "மெடம், இந்தக் கரையில் என்னுடைய அக்காவும் கருவாடு போடுகிறார்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"அப்படியென்றால் இந்தக் கந்தோரில் அந்த இடம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். சொந்தம் இருக்கிறதென்று ஒரு குறிப்பு எழுதிக் கோவையில் போடுங்கள். போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்."

நான் அந்தப் பத்திரத்தை எழுதியதைப் போல வேறெதையும் எழுதியதில்லை. மற்ற நாட்களில் எனக்கு இந்த வேலை இடியப்பம் பிழிகிற மாதிரி, கை தன்பாட்டில் போகும். இந்த முறை பின்னணிப் பகுதிக்கு மட்டும் மூன்று கிழமை எடுத்தேன். மணலின் சூடு, கழுவும் தண்ணீரைச் சுமக்கும் தூரம், மழை இருட்டினால் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஓட்டம், எல்லாவற்றையும் அரசாங்கத் தமிழில் எப்படியோ நுழைத்தேன். எழுதியதை ராத்தாவுக்குப் போனில் வாசித்துக் காட்டுவேன். அவர் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்பார்.

"இதுல என்னையவா சொல்ற?"

"பேர் போடல்ல ராத்தா."

"பேர் போடாட்டியும் நான்தானே. காக்கா வெரட்டுறதையும் எழுது புள்ள."

"மந்திரிமாருக்குக் காக்கா எதுக்கு?"

"அவங்களும் தெரிஞ்சிக்கட்டும். இது குந்தியிருந்து திங்கிற தொழில் இல்ல எண்டு."

எழுதினேன். 'பறவைகளால் ஏற்படும் சேதத்தைத் தவிர்ப்பதற்கான தொடர்ச்சியான கண்காணிப்பு' என்று எழுதினேன். நாட்டின் அமைச்சரவைக்குப் போன ஒரு பத்திரத்தில் என் ராத்தாவின் காக்கைகள் இருக்கின்றன. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

நான் எடுத்துக்கொண்ட பழைய பத்திரம், வேறொரு கரையில் வள்ளங்களை இழுத்து வைக்கும் இடங்களைப் பற்றியது. பின்னணியையும் நியாயத்தையும் முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கடைசிப் பந்தியில் மட்டும் கையை அதிகம் வைக்கவில்லை. 'வள்ளங்களை நிறுத்தும் இடங்கள்' என்று இருந்ததை 'மீன் உலர்த்தும் இடங்கள்' என்று மாற்றினேன். மாவட்டத்தின் பெயரை மாற்றினேன். அவ்வளவுதான். அது காய்ந்த பந்தி, அதைப் போனில் வாசித்து ராத்தாவின் நேரத்தை வீணாக்குவானேன் என்று நினைத்தேன்.

மெடம் வாசித்தார். சட்டப் பிரிவு வாசித்தது. செயலாளர் வாசித்தார். அமைச்சர் கையெழுத்து வைத்தார். நிதிப் பக்கத்திலிருந்து ஆட்சேபனை இல்லை என்று அவதானிப்பு வந்தது. சில கிழமைகளில் அமைச்சரவைத் தீர்மானமும் வந்துவிட்டது, அங்கீகரிக்கப்பட்டது என்று. அந்தச் செய்தியைச் சொல்ல ராத்தாவுக்கு எடுத்தபோது அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். போனுக்குள் காற்று இரைவது மட்டும் கேட்டது. அடுத்த சனிக்கிழமை பாலாவிக்கு ஒரு பெரிய சட்டி வட்டிலப்பம் வந்தது. மாமியார் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "இப்பதான் நீ என்னமோ வேல செய்யிற எண்டு தெரியிது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு கொஞ்ச மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கும்போது ராத்தாவின் அழைப்பு.

"புள்ள, பிரதேச செயலகத்துல பட்டியல் ஒட்டியிருக்காங்க. என்ட பேர் இல்ல."

"தவறியிருக்கும் ராத்தா. எல்லாரையும் பாருங்க."

"பாத்தேன். எங்கட பொம்புளயள் ஒருத்தரும் இல்ல. மச்சானுக்குத் தம்பி இருக்காரே, அவர் இருக்கார்."

மச்சானின் தம்பி வாழ்க்கையில் ஒரு மீனைக் காயப்போட்டதில்லை. வள்ளத்திலிருந்து இறங்கினால் நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போகிறவர். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எந்த மடையன் தயாரித்த பட்டியல் இது என்று, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, சண்டை பிடிப்பதற்காகத் தீர்மானத்தைத் திறந்தேன். கடைசிப் பந்திக்கு வந்தேன். 'மேற்படி இடங்களைப் பயன்படுத்தும், வள்ளப் பதிவு உடைய மீன்பிடியாளர்களுக்கு' என்று இருந்தது.

பட்டியல் சரி. பிரதேச செயலகத்தில் இருந்தவர்கள் எழுத்துக்கு எழுத்து சரியாகச் செய்திருந்தார்கள். வள்ளம் நிறுத்தும் இடத்தை வள்ளம் உள்ளவருக்குக் கொடுக்கச் சொன்ன பழைய வசனம், அப்படியே குந்திக்கொண்டிருந்தது. நாலு பக்கம் ராத்தாவைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் ராத்தாவைத் தவிர மற்றவர்களுக்குக் கேட்டிருந்தேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ பேர் வாசித்த பந்தி. ஆனால் அந்தப் பெண்களைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், ஆகவே கண்டிருக்க வேண்டியவளும் நான்தான். கழுவுமிடத்துக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. அடுத்த நாளே லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். பாலாவியில் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் கற்பிட்டி பஸ்ஸைப் பிடித்தேன். எத்தாளையில் கரைக்குப் போனபோது ராத்தாவும் இன்னும் ஐந்தாறு பெண்களும் தட்டுகளுக்கு நடுவில் நின்று காரசாரமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கிராம உத்தியோகத்தர்தான் யாரிடமோ எதையோ வாங்கிக்கொண்டு பெயர்களை வெட்டிவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அவருடைய வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ வந்தது நல்லாப் போச்சு," என்றார் ராத்தா. "நீயும் வா. கொழும்புக் கந்தோர் ஆள் எண்டா அவன் பயப்புடுவான்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் அது எனக்கு வசதியாக இருந்தது. ஒன்றும் பேசாமல் அவர்களோடு நடந்திருக்கலாம். கடைசிப் பந்தி என்று ஒன்று இருப்பதே அங்கே எவருக்கும் தெரியாது. ஆனால் அந்த மனிதர் பாவம், அவரிடம் ஒரு பிழையும் இல்லை.

"கிராம உத்தியோகத்தர் இல்ல ராத்தா. நான்தான்," என்றேன். "நான் எழுதினதுலதான் பிழை. வள்ளம் உள்ள ஆக்களுக்கு மட்டும் எண்டு கடைசியில வந்திருக்கு. பழைய கடதாசியில இருந்தத மாத்தாம விட்டுட்டேன்."

ஒரு பெண் குனிந்து மீனைத் திருப்பத் தொடங்கினார். ராத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்தார்.

"எனக்கு ஒன்னோட கோவமில்ல," என்றார். "சோறு ஆக்கியிருக்கு. வா, சாப்புடுவம்."

திரளி மீன் ஆணம் வைத்திருந்தார். பெரிய துண்டை என் பீங்கானில் போட்டார். கோபமில்லை என்று அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். மனதில் இருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது. நன்றாகச் சாப்பிட்டேன், மறுசோறும் வாங்கினேன்.

அடுத்த நாள் மெடத்திடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோவையை வாங்கி, கடைசிப் பந்தியை விரலால் தடவித் தடவி வாசித்தார். பக்கத்தின் ஓரத்தில் இருந்த தன் சுருக்கொப்பத்தைக் காட்டினார். "நானும் வாசித்தேன்" என்றார். அவருக்கு ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. தவறிவிட்டது என்று அமைச்சரவைக்கு எழுத்தில் சொல்வது அவருக்கும் லேசான காரியமல்ல.

"திருத்தப் பத்திரம் ஒன்று போடுவோம்," என்றார் கடைசியில். "ஆனால் இதை நீங்கள் எழுதக் கூடாது. இப்போது சேர்க்கப் போவது உங்கள் அக்காவை. உங்கள் கையால் சேர்த்தால் நாளைக்கு யாராவது ஒரு கதை கட்டுவார்கள், அந்தப் பெண்கள் எல்லாருக்கும் கிடைப்பது நின்றுபோகும்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் குலைத்ததை நானே நேராக்க வேண்டும் என்று முழு வழியும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். என்றாலும் அவர் சொன்னது நியாயம்.

வேலை அடுத்த மேசைக்குப் போனது. அங்கே இருந்தவர் சிலாபத்துக்காரர், சிங்களவர், என்னை விடப் பத்து வயது இளையவர், எங்களைப் போலவே தமிழ் கதைப்பார். அவருடைய எழுத்து தண்ணீர் படாத விசுக்கோத்து மாதிரி. எத்தனையோ தரம் நான் அதைப் பகிடி பண்ணியிருக்கிறேன். அவர் என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"அக்கா, இந்தப் பொம்பளைகளை எப்படிச் சொல்றது? யார் இவங்க?"

நான் தொடங்கினேன். மச்சான் மௌத்தானது, வள்ளம் போனது, இரண்டு பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் வேணாம் அக்கா. என்ன வேலை செய்றாங்க, எங்க செய்றாங்க. அதை மட்டும் சொல்லுங்க."

"கரையில மீன் காயப்போடுறாங்க," என்றேன்.

"போதும்," என்று எழுதிக்கொண்டார்.

எழுதுவதற்கு முன் அவர் ஒரு நாள் எத்தாளைக்கும் போய்வந்தார். முகமும் கழுத்தும் வெயிலில் சிவந்துபோய் வந்தார். ராத்தா ஒரு பார்சல் நெத்தலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாராம். இவர் வாங்கவில்லை. "வாங்கினா நானும் சொந்தக்காரனாகிருவேன். பிறகு இதை எழுத வேற ஆள் தேடணும்" என்றார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

அந்தப் பத்திரம் ஒன்றரைப் பக்கம். மணலின் சூடு இல்லை, காக்கையும் இல்லை. முந்திய தீர்மானத்தில் விடுபட்டுள்ளது என்று ஒரு வரி, யார் விடுபட்டார்கள் என்று ஒரு வரி. கடைசிப் பந்தியில், 'வள்ளப் பதிவு உடையவராக இருப்பினும் இல்லாவிடினும், மேற்படி கரையில் மீன் உலர்த்துவதைத் தொழிலாகக் கொண்ட அனைவருக்கும்' என்று கேட்டிருந்தார். எனக்கு அதில் மாற்ற ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

ஆனால் அது போய்வர மாதங்கள் பிடித்தன. இடையில் அமைச்சர் மாறினார், புதியவர் முதலில் இருந்து வாசிக்க வேண்டும் என்றார். அதற்குள் கரையில் ஒரு பக்கத்துக்குக் கொங்கிரீட் தூண்கள் வந்து இறங்கிவிட்டன. பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் தட்டுகளை எடுக்க வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். ராத்தா தட்டுகளை வீட்டு வளவுக்குக் கொண்டுபோனார். பத்தில் நாலுதான் கொள்ளும். மீதியைச் சுவரில் சாய்த்து வைத்தார். வளவில் போதிய காற்று இல்லை, மீன் காயும் முன் புழுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் நாற்றம் என்று முறைப்பட்டார். மூத்த மகள் ரியூசனை நிறுத்தினாள்.

இதெல்லாம் எனக்கு அந்த மகள் மூலம்தான் தெரியவந்தது. ராத்தா முன்பு போல எடுப்பதில்லை. நான் எடுத்தாலும் சில நேரம் பதில் வராது, வந்தாலும் "வேலையா நிக்கிறேன் புள்ள" என்று வைத்துவிடுவார். பாவம், வளவில் கிடந்து அல்லாடுகிறார், கதைக்க நேரம் எங்கே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கந்தோரில் இருந்துகொண்டு அந்தக் கோவை எந்த மேசையில் நிற்கிறது என்று நாளுக்கு மூன்று தரம் விசாரித்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

திருத்தம் அங்கீகரிக்கப்பட்டது. சிலாபத்துக்காரர் என் மேசைக்கு வந்து கடதாசியை வைத்துவிட்டு, "சரி அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தூண்கள் நட்ட இடம் திரும்பிக் கிடைக்கவில்லை. அது மச்சானின் தம்பிக்குக் கிடைத்த பக்கம், அவர் யாருக்கோ விட்டுவிட்டார். மிச்சக் கரையை அளந்து பெண்களுக்குப் பிரித்தார்கள். ராத்தாவுக்குக் கிடைத்த துண்டு முந்தியதை விடக் கொஞ்சம் ஒடுக்கம். ஆனால் காற்று வரும் இடம்.

அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த சனிக்கிழமை நான் எத்தாளைக்குப் போனேன். தட்டுகள் எல்லாம் கரைக்குப் போயிருந்தன. ராத்தா கடதாசியை எடுத்துக் காட்டினார், திரும்ப அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சோறு போட்டு வந்து எனக்கு எதிரில் இருந்தார். நான் சாப்பிடத் தொடங்கியதும் சொன்னார்.

"அண்டைக்கு ஒன்னோட கோவமில்ல எண்டு சொன்னேனே, அது பொய்."

நான் கையை நிறுத்தினேன்.

"நல்லாக் கோவம் இருந்திச்சு. ஒன்ட நம்பரக் கண்டா போனக் கவுத்து வெச்சிருவேன். புள்ள ரியூசன் நிப்பாட்டின அண்டைக்கி ஒன்ன ஏசினேன், தனிய இருந்து, வாயில வந்ததெல்லாம் சொல்லி."

"அண்டைக்கே ஏசியிருக்கலாமே ராத்தா. ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ திங்காமப் போயிருப்ப. ரெண்டு பஸ் ஏறி வந்திருந்த. மொகம் செத்துப்போய் இருந்திச்சு."

அன்றைக்கு நான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு இவர் பெரிய துண்டாகப் பார்த்து எனக்கு எடுத்துப் போட்டிருக்கிறார். கண் நிறைந்து பீங்கானே தெரியவில்லை.

"இப்பயும் கோவம் இரிக்கா?" என்று கேட்டேன்.

ராத்தா உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் இரிக்கு," என்றார். "போகும். நீ தின்னு."